முப்பது வரை எண்ணுகிறவன்

"நோய் மீனைத் தலையில கட்டிட்டு, இப்ப என் தண்ணியக் குறை சொல்றீங்களா?"

"குறை சொல்லல தீதி. புதுத் தொட்டின்னா முதல்ல தண்ணியத்தான் பார்க்கணும்."

"நான் காலேஜ்ல கெமிஸ்ட்ரி நடத்துறேன். எனக்குத் தண்ணி பார்க்கத் தெரியாதா?"

வளர்ப்பு மீன் விற்கும் காலிஃப் தெரு ஞாயிற்றுச் சந்தையில் பாதிப் பேர் மீனை விட்டுவிட்டு இந்தச் சண்டையைத்தான் வேடிக்கை பார்த்தார்கள். சுதபா லாஹிரி எங்கள் சந்துப் பெண். மீன் தொட்டி வைத்து இரண்டு மாதம். வாடிக்கைக்காரிகளைத் 'தீதி', அதாவது அக்கா, என்று கூப்பிடும் மீன்காரன் நிருபம் மைத்தியிடம் வாங்கிய ஆறு குராமி மீன்களில் நான்கு செத்துவிட்டன. தண்ணீரில் நைட்ரேட் சோதனை செய்தாளாம், சோதனைக் குழாயில் மஞ்சள்தான் வந்ததாம். மஞ்சள் என்றால் சுத்தம், சிவந்தால் ஆபத்து. ஆகவே குற்றவாளி மீன்காரன்.

அவனிடம் மீன் வாங்க நின்ற இருவர் நைசாக நகர்ந்தார்கள். தார்ப்பாயில் மழை கொட்டியது. அவன் இமையில் ஒரு துளி நின்றது... அவன் துடைக்கவில்லை. அதைக் கவனித்துவிட்டதற்காகச் சுதபாவுக்கு இன்னும் கோபம் வந்தது.

"அடுத்த ஞாயிறு உங்க தொட்டித் தண்ணியக் கொண்டு வாங்க" என்றான். "மஞ்சள் வந்தா நான் கடையக் கட்டிட்டு எங்க ஊர் பாராசாத்துக்கே போயிடறேன்."

கொண்டு வந்தாள். முதல் மருந்து பாட்டிலிலிருந்து சோதனைக் குழாயில் பத்துச் சொட்டு விட்டான். இரண்டாவதை எடுத்து, சத்தமாக முப்பது வரை எண்ணிக்கொண்டே பலமாகக் குலுக்கினான். பிறகு அதிலிருந்தும் பத்து. ஐந்து நிமிடத்தில் குழாய் செங்கல் நிறமானது.

"இதுல மருந்து அடியில தங்கிடும் தீதி. குலுக்காம விட்டா மஞ்சள்னு பொய் சொல்லும்" என்றான், அவளுக்கு மட்டும் கேட்கும்படி. குழாயை உள்ளங்கையால் மறைத்துக்கொண்டுதான் காட்டினான்.

கல்லூரிப் பழக்கத்தில் அவள் எந்தப் பாட்டிலையும் மெல்லத்தான் சாய்ப்பாள். சோதனைப் பெட்டியில் இருந்த செய்முறைத் தாளைப் படிப்பாளா? அதெல்லாம் கெமிஸ்ட்ரி தெரியாதவர்களுக்கு! விறுவிறுவென்று திரும்பி நடந்தாள்.

வீட்டில் துப்பு துலங்கியது. அவள் அம்மா மூன்று வேளையும் மீன்களுக்குக் கைப்பிடி பொரி போட்டுக்கொண்டிருந்தாள். "பாவம், வாயத் தொறந்து தொறந்து கேக்குதுடி!" பொரி டப்பா பூட்டுக்குள் போனது. சுதபா ஒரு நாள் விட்டு ஒரு நாள் கால் தொட்டித் தண்ணீரை மாற்றினாள். அடியில் அழுகிக் கிடந்த பொரியை உறிஞ்சி எடுத்தாள். மணி பிளான்ட் வேரைத் தண்ணீரில் தொங்கவிட்டாள். மிச்சமிருந்த இரண்டு மீன்களும் பிழைத்துக்கொண்டன.

சந்தைப் பக்கம் மட்டும் போகவில்லை. அந்தக் கண்களை எப்படிப் பார்ப்பது... ஆனால் அவன் கடையில் ஈ ஓட்டுகிறான் என்ற செய்தியை நாங்கள் சும்மா விடுவோமா? அவள் காதுக்குப் போகும்படி பார்த்துக்கொண்டோம்.

அதிலிருந்து மூன்றாம் ஞாயிறு அதே இடத்தில் நின்று, சண்டை போட்ட அதே குரலில் சொன்னாள்.

"மீன் மேல தப்பில்ல. பாட்டிலக் குலுக்காதது நான்தான்."

எங்களுக்குச் சப்பென்று ஆகிவிட்டது. அவன் கடையில் மறுபடி கூட்டம் கூடியது.

அதன்பின் வாராவாரம் தண்ணீர்ப் பாட்டிலோடு வந்தாள். துர்கா பூஜை முடிந்து வந்த ஞாயிற்றில் நிருபம் கேட்டேவிட்டான்.

"நைட்ரேட் இருபதுக்குக் கீழ வந்து ஆறு வாரம் ஆச்சு. இன்னும் எதுக்கு தீதி கொண்டு வர்றீங்க?"

"தெரியும். வீட்டுல பார்த்துட்டுத்தான் வர்றேன்."

"அப்புறம்?"

அவள் தரையைப் பார்த்தாள். "நீங்க முப்பது வரைக்கும் எண்ணுவீங்கல்ல... அதக் கேக்கத்தான்."

அவன் இரண்டாவது பாட்டிலை எடுத்து எண்ணத் தொடங்கினான். பதினேழில் நிறுத்தினான். "எனக்கும் ஞாயித்துக்கிழமைன்னா நீதான், சுதபா" என்றான். அன்றோடு 'தீதி' ஒழிந்தது.

மாக மாதம் கல்யாணம். ஊர் வழக்கப்படி மாப்பிள்ளை வீட்டுச் சீரில் சிவப்புப் புடவை கட்டிய ரோகு மீன் வந்தது, மூன்று கிலோவுக்குக் குறையாது. இருவரும் பாராசாத்தில் குடியேறிவிட்டார்கள். தொட்டி அவள் அம்மாவோடு இங்கேயே இருக்கிறது. ஞாயிறு காலையில் அந்த வீட்டிலிருந்து ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கை எங்கள் ஜன்னல்வரை கேட்கிறது. அம்மாதான் பாட்டிலைக் குலுக்கி முப்பதுவரை எண்ணுகிறாள். பொரியும் போடுகிறாள்.