சட்டைப் பையில் ஒரு வில்லை

கருமாதி முடிந்து பானுப்பிரியா ராஜபாளையத்திலிருந்து ஸ்கூட்டியில் ஸ்ரீவில்லிபுத்தூர் வந்து சேர்ந்தபோது தூறல் விழுந்துகொண்டிருந்தது. புரட்டாசி மாதத்துச் சாயங்காலம், விளக்கு வைக்கிற நேரம். பால்கோவா கிண்டுகிற கொட்டகைக்குப் பின்னால் இருந்த பழைய ஓட்டு வீட்டில் ஒற்றை அறை அவளுடையது. சுவரில் பாதிச் சுண்ணாம்பு உதிர்ந்து கிடக்கும். சுண்டிய பால் வாசம் இரவும் பகலும் அந்த அறையை விட்டுப் போகாது. அவளுக்கு அது பிடித்திருந்தது. வேறொரு வாசத்தை மறக்க அது உதவியது.

அந்த வேறொரு வாசம் ப்ளீச்சிங் பவுடர். அவள் புருஷன் ஜெயபாண்டிக்கு பேண்டேஜ் துணி வெளுக்கிற மில்லில் வேலை. எத்தனை சோப்புப் போட்டுக் குளித்தாலும் அவன் விரலிடுக்கில் அது இருக்கும். அந்த விரல்கள் அவள் கழுத்தில் பதிந்த அன்றுதான் அவள் வீட்டை விட்டுக் கிளம்பினாள்.

கிளம்பி என்ன? சேத்தூரில் அக்கா வீட்டுக்குப் போனாள். மறுநாளே வாசலில் நின்றான். வேறொரு மில்லின் விடுதியில் சேர்ந்தாள். கேட்டுக்கு வெளியே நின்றான். கத்த மாட்டான். சிரித்துக்கொண்டே ஒன்றைத்தான் சொல்வான்.

"எங்கிட்டுப் போனாலும் வந்துருவேன் பானு. போகையில உன்னையும் கூட்டிட்டுத்தான் போவேன்."

மோப்ப நாய்க்குக்கூட ஒரு நாள் சளி பிடிக்கும், இவனுக்குப் பிடிக்கவில்லையே என்று அவள் மலைத்துப் போனாள். யாரும் அறியாத ஓர் இடத்தில் கதவைச் சாத்திக்கொண்டு ஒரே ஓர் இரவு பயமில்லாமல் தூங்க வேண்டும். அவள் கேட்டதெல்லாம் அவ்வளவுதான்.

கடைசியாக ஸ்ரீவில்லிபுத்தூர் வந்து பால்கோவாக் கடையில் வேலைக்குச் சேர்ந்தாள். அங்கே விஷயத்தை உடைத்தவன் ஆல்வின். ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டு பக்கம் செல்போன் கடை வைத்திருப்பவன். போனில் உடைந்த கண்ணாடியை மாற்றப் போனவள் அடிக்கொரு தரம் தெருவைத் திரும்பிப் பார்ப்பதைக் கவனித்து, மெதுவாகக் கேட்டு, அவள் போனில் ஓர் ஆப் ஏற்றிக் கொடுத்தான். யாராவது நம் பையிலோ வண்டியிலோ டிராக்கரை ஒளித்து வைத்திருந்தால் அந்த ஆப் கண்டுபிடித்துச் சொல்லிவிடுமாம். ஏற்றிய கொஞ்ச நேரத்திலேயே அது அலறியது. அவள் கைப்பையின் அடித்துணியை ஆல்வின் பிளேடால் கிழித்தான். சட்டைப் பொத்தானைவிடக் கொஞ்சம் பெரிய வெள்ளை வில்லை ஒன்று, பேண்டேஜ் துணியில் சுற்றி உள்ளே வைத்துத் தைக்கப்பட்டிருந்தது.

"இதுதாங்கா உங்க வீட்டுக்காரரோட மூக்கு," என்றான் ஆல்வின். அதன் பேட்டரியைக் கழற்றி மேஜை டிராயரில் போட்டுவிட்டு, வில்லையை அவளிடம் கொடுத்தான். "இனி இது செத்த பாம்பு. தூரப் போட்டுறாதீக. ஸ்டேஷன்ல காட்டணும்."

ஸ்டேஷனுக்குப் போக நேரம் வாய்க்கவில்லை. மறுநாள் காலையில் சேதி வந்தது. ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வரும் வழியில் ஜெயபாண்டியின் பைக்கை லாரி அடித்துவிட்டது. எதைத் தேடி வந்தான் என்று ஊரில் யாரும் கேட்கவில்லை. பானுப்பிரியாவுக்குத் தெரியும்.

எழவு வீட்டில் வாய்க்கரிசி போடும் நேரத்தில் மாமியார் பிச்சையம்மாள் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். பீடிக்கட்டு, லைட்டர், கூலிங்கிளாஸ் என்று அவன் புழங்கிய சாமான்களை ஆளுக்கு ஒன்றாகப் பாடையில் வைத்துக்கொண்டிருந்தார்கள்.

"அவன் பொருள் எதுவும் ஒங்கிட்ட இருந்தா பாடையில வச்சிரு ஏட்டி. செத்தவன் சாமான் வீட்டுல தங்கப்பிடாது. கேட்டு வருவான்."

பானுப்பிரியா அரிசியைப் போட்டாள். குனிந்த வாக்கில், முந்தானை மறைவில், அந்த வில்லையை அவன் சட்டைப் பைக்குள் நழுவ விட்டாள். உன் மூக்கை நீயே வைத்துக்கொள் என்று மனதுக்குள் சொன்னாள். அழ வேண்டிய இடத்தில் அவளுக்குச் சிரிப்பு வந்தது, அதை அழுகையாக மாற்றிக்கொண்டாள். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த கதை என்று அப்போது அவளுக்கு யார் சொல்வது? பாடை தெருமுனை தாண்டியதும் பெண்கள் எல்லாரும் வழக்கப்படி வீட்டுக்குத் திரும்பினார்கள். அவளும் திரும்பினாள்.

இப்போது கருமாதியும் முடிந்துவிட்டது. அறைக்கதவைச் சாத்தி, ஈரத் தலையைத் துவட்டிக்கொண்டே அவள் பாயை விரித்தபோது போன் அதிர்ந்தது.

'உங்களுக்குச் சொந்தமில்லாத டிராக்கர் ஒன்று உங்களுடன் பயணிக்கிறது.'

பக்கத்து வீட்டுக்காரர்களுடையதாக இருக்கும் என்றுதான் முதலில் நினைத்தாள். சந்தேகம் தீர, டிராக்கரை ஒலிக்க வைக்கிற பொத்தானைத் தொட்டாள். வெளியே ஓட்டிலிருந்து தண்ணீர் சொட்டியது. கொட்டகையில் கரண்டி ஒன்று இரும்புச் சட்டியைச் சுரண்டியது.

அதற்கும் கீழே, ரொம்பக் கீழே, ஏதோ கீச்சென்றது.

தலையணையை வாயில் அமுக்கிக்கொண்டு யாரோ விசில் அடிப்பதைப்போல் இருந்தது. எங்கிருந்து என்று அவளுக்குத் தெரியவில்லை. விடியும்வரை விளக்கை அணைக்காமல் உட்கார்ந்திருந்தாள்.

காலையில் ஆல்வின் அவள் போனை வாங்கிப் பார்த்தான். ஆப்பில் ஒரு வரைபடம் விரிந்தது. ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர்வரை மெயின் ரோடு நெடுகச் சிவப்புப் புள்ளிகள்.

"நேத்து நீங்க வந்த பாதைதான். ஆனா மொதப் புள்ளி ஒரு கண்மாய்க் கரையில இருக்கே. அங்க எதுக்குக்கா போனீக?"

அவள் எட்டிப் பார்த்தாள். அவனைப் புதைத்த இடம் அந்தக் கண்மாய்க் கரையில்தான் இருந்தது.

"நான் போகல ஆல்வின். பொம்பளையாளுக அங்க போகமாட்டோம்ல?"

"உங்க போன் போகாத எடத்துல இது புள்ளி வைக்காதுக்கா."

வில்லையைச் செத்தவனின் சட்டைப் பையில் போட்டு அனுப்பியதையும், அந்தக் கரையில்தான் அவனைப் புதைத்தார்கள் என்பதையும் அவள் சொன்னாள். ஆல்வின் திரையில் எதையோ நோண்டி, டிராக்கரின் நம்பரை எடுத்தான். முன்பு கழற்றியபோது தான் பிடித்து வைத்திருந்த படத்தோடு ஒப்பிட்டான். அதே நம்பர். பிறகு டிராயரைத் திறந்தான். கழற்றிப் போட்ட பேட்டரி போட்ட இடத்திலேயே கிடந்தது.

"எவனோ தோண்டி எடுத்து வேற பேட்டரி போட்டு வெளையாடுறான்," என்றான். குரலில் தெம்பு இல்லை. "வாட்சு, மோதிரத்துக்காகத் தோண்டுற ஆளுக உண்டுக்கா. மாமியாருக்குப் போன் போட்டுக் கேளுங்க."

கேட்டாள். பிச்சையம்மாள் எரிந்து விழுந்தாள்.

"குழிய எவன்டி தொடுவான்? நேத்துதான் எம் பெரிய மகன் போயிப் பாத்துட்டு வந்தான். மழைக்கு மண்ணு உள்ள எறங்கிக் கெடக்கு, அம்புட்டுதான். ஆள் ஒசரத்துக்கு எறங்கியிருக்கேன்னு அவனே அசந்துபோனான்."

ஆப்பை அழித்துவிடலாம் என்று ஒரு நேரம் தோன்றியது. பாம்பு புகுந்த அறையில் விளக்கை அணைத்தால் பாம்பு போய்விடுமா? அவள் அழிக்கவில்லை.

புரட்டாசி சனிக்கிழமை வந்தது. ஊரே பக்கத்தில் திருவண்ணாமலை என்கிற குன்றின் மேல் இருக்கும் பெருமாளைப் பார்க்கக் கிளம்பியது. அவளும் போனாள். புருஷன் செத்த தீட்டு இருக்கையில் மலையேறலாமா என்று யோசித்தாள். அப்புறம், இந்த நேரத்தில் வராமல் எந்த நேரத்தில் பெருமாளிடம் போவது என்று ஏறிவிட்டாள். படியெல்லாம் கூட்டம். துளசி வாசம், கற்பூர வாசம், கோவிந்தா கோவிந்தா என்கிற சத்தம். இத்தனை பேருக்கு நடுவே எதுவும் தன்னைத் தொட முடியாது என்று அவளுக்கு நெஞ்சு கொஞ்சம் லேசானது.

போன் அதிர்ந்தது.

அவள் பாதிப் படியில் நின்றாள். அந்தப் பொத்தானைத் தொட்டாள்.

கீச்.

இந்த முறை தலையணை அமுக்கம் இல்லை. தெளிவாக, அவள் முதுகுக்கு நேர் பின்னால் கேட்டது. தரையிலிருந்தும் வரவில்லை, யாருடைய கைப்பையிலிருந்தும் வரவில்லை. நிற்கிற ஆம்பளையின் சட்டைப் பை எந்த உயரத்தில் இருக்குமோ அந்த உயரத்திலிருந்து வந்தது.

திரும்பினாள். பின்னால் ஒரு படி காலியாக இருந்தது. அவ்வளவு நெரிசலிலும் ஜனங்கள் அந்தப் படியில் கால் வைக்காமல், காரணம் தெரியாமலே ஒதுங்கி ஏறிக்கொண்டிருந்தார்கள். படியில் இரண்டு பாத அகலத்துக்கு ஈரமான கரிசல் மண் அப்பியிருந்தது.

துளசி வாசத்தை மீறி ப்ளீச்சிங் பவுடர் நெடி அடித்தது.

"பெருமாளே, இவன எங்கூட விடாத," என்று வாய்விட்டுக் கதறினாள். பக்கத்தில் போனவர்கள் பக்தி முற்றிவிட்டது என்று நினைத்து வழிவிட்டார்கள். சந்நிதியில் காதுத் தோட்டைக் கழற்றி உண்டியலில் போட்டாள். அவளிடம் இருந்த தங்கமே அதுதான்.

அன்று சாயங்காலம் அறைக்குள் நுழைந்ததும் கரண்ட் போனது. மழை கொட்டியது. அவள் பொத்தானைத் தொடவில்லை. தொடாமலே அது கேட்டது.

முதலில் வாசலில்.

பிறகு கதவுக்கு உள்பக்கம்.

பிறகு அலமாரிக்குப் பக்கத்தில், அதே உயரத்தில், நிதானமாக நடந்து வருகிறவனைப்போல் விட்டு விட்டு. அவள் சுவரோடு ஒட்டி, முழங்காலுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். சுண்டிய பால் வாசம் அறையை விட்டு அறவே போய்விட்டது. ஈர மண்ணும் ப்ளீச்சிங் பவுடரும் மூச்சை அடைத்தன. கழுத்தில் நான்கு இடத்தில் சில்லென்றது.

"ஜெயபாண்டி," என்று முணுமுணுத்தாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் அவன் பேரைச் சொன்னதில்லை. "போயிரு. நான் ஒனக்கு என்ன பாவம் பண்ணினேன்?"

சத்தம் நின்றது.

கரண்ட் வந்தது. அறையில் யாரும் இல்லை. போனை எடுத்துப் பார்த்தாள். 'அருகில் டிராக்கர் எதுவும் இல்லை.' ஒரு தடவைக்குப் பத்துத் தடவை தேட வைத்தாள். எதுவும் இல்லை, எதுவும் இல்லை என்றே சொன்னது. தோட்டை வாங்கிக்கொண்டு பெருமாள் கண் திறந்துவிட்டார் என்று விம்மி விம்மி அழுதாள். அன்றைக்குத் தூங்கினாள் பாருங்கள், அப்படி ஒரு தூக்கம். சாமத்தில் ஒரு தரம் புரண்டபோது பாயில் பக்கத்து இடம் குளிர்ந்து கிடந்தது மாதிரி இருந்தது. மழைக்காலத்தில் பாய் குளிரத்தானே செய்யும்?

அடுத்த நாளும் அலர்ட் இல்லை, அதற்கடுத்த நாளும் இல்லை. பால்கோவாக் கடையில் பெட்டி கட்டும்போது கூட வேலை பார்ப்பவர்களோடு சிரித்துப் பேசினாள். வயிறு நிறையச் சாப்பிட்டாள். ஒரு மத்தியானம் கால்கிலோ பால்கோவாவைப் பொட்டலம் கட்டிக்கொண்டு ஆல்வின் கடைக்குப் போனாள்.

"வாங்கக்கா. மூஞ்சியில களை வந்துருச்சே?"

"அது போயிருச்சு ஆல்வின். ஆப்புல ஒண்ணுமே காட்டல. ஒனக்குத்தான் புண்ணியம்."

ஆல்வின் பால்கோவாவை ஒரு விரலால் வழித்து வாயில் போட்டுக்கொண்டு போனை வாங்கினான். நாலைந்து இடத்தைத் தட்டிப் பார்த்தான்.

"ஆப் நல்லாத்தான் ஓடுது. அப்ப எவனோ எடுத்துட்டுப் போயிட்டான். இல்லன்னா..." சிரித்தான். "இந்த ஆப்புல ஒரு கோளாறு இருக்குக்கா. சொந்தக்காரன விட்டுப் பிரிஞ்சு வார டிராக்கரத்தான் இது காட்டிக்குடுக்கும். சொந்தக்காரன் கூடவே இருந்தா காட்டாது. அவன் சாமான் அவங்கிட்டதான இருக்குன்னு பேசாம இருந்துரும்."

பானுப்பிரியா அவனையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"என்னக்கா?"

"ஒண்ணுமில்ல. நான் போறேன்."

போனை வாங்கிப் பைக்குள் போட்டாள். வெளியே வெயில் சுள்ளென்று அடித்தது. பஸ் ஸ்டாண்டில் ராஜபாளையம், ராஜபாளையம் என்று கண்டக்டர் கூவிக்கொண்டிருந்தார். அத்தனை ஜனத்துக்கு நடுவே அவளுக்குப் போக ஓர் இடம் இல்லை. அக்கா வீடா, கோயிலா, ஸ்டேஷனா? எங்கே போய் என்னவென்று சொல்வது? ஸ்கூட்டியில் ஏறி உட்கார்ந்து சாவியைத் திருகினாள்.

வண்டியின் பின்பக்கம் மெல்லத் தணிந்தது, ஆள் ஏறி உட்காரும்போது தணிகிற மாதிரி.

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. வண்டியைக் கிளப்பினாள். பைக்குள் போன் பேசாமல் இருந்தது.