நாலு விரல் மணல்

நாய் மூத்திரம் போக வைத்த தட்டில் மணல் நனைந்திருந்தது. ஆனால் நாய் அதில் கால் வைக்கவே இல்லை. வாசல் கால்மிதியில் போய்விட்டு, சுவரோடு ஒட்டி நின்று அவனைப் பார்த்தது.

"துரைக்குக் கால்மிதிதான் கேக்குதோ?" அவன் பல்லைக் கடித்தான்.

மூன்றாம் மாடி. வண்டி இடித்துப் பின்கால் ஒடிந்ததிலிருந்து நாயால் படி இறங்க முடியாது. செங்கல் சுமந்தே முதுகு போன அவனால் அதைத் தூக்கிக்கொண்டு இறங்கவும் முடியாது. வீட்டுச் சொந்தக்காரம்மா கறாராகச் சொல்லிவிட்டாள்: "ஞாயித்துக்கிழமைக்குள்ள பழக்குங்க. இல்ல, நாய எங்கயாவது விட்டுருங்க." மகளிடம் அவன் இதைச் சொல்லவில்லை. அவள் நாயின் முதுகில் கை போட்டுத்தான் தூங்குவாள்.

இன்று ஞாயிறு.

நாயின் மூத்திரத் துணியை மணலில் புதைத்துப் பார்த்தான். பிஸ்கட் வைத்தான். அதட்டினான், கெஞ்சினான்.

"நீங்க மொதல்ல இறங்கிக் காட்டுங்க, பாத்துக் கத்துக்கும்," என்று மனைவி சிரித்துவிட்டு, மகளோடு கடைக்குப் போனாள்.

மணலுக்கு எதற்குச் செலவு என்று, வேலையிடத்தில் அஸ்திவாரக் குழியோரம் கிடந்த குவியலிலிருந்து சாப்பாட்டுப் பையில் கொஞ்சம் கொஞ்சமாக அள்ளி வந்திருந்தான். குழி சரிந்து ஒரு கொத்தனாரை மூடிய மண். வாய் நிறைய மண்ணோடு ஆளை வெளியே எடுத்தார்கள். அதன்பிறகு யாரும் அந்தக் குவியலில் மண்வெட்டி வைக்கவில்லை.

"அது வேணாம்ணே," என்றான் கலவை போடுகிறவன்.

"நாய் கக்கூஸுக்கு எந்த மண்ணா இருந்தா என்னடா?"

இப்போது அறையில் மூத்திர வாடை இல்லை. ஆழத்தில் தோண்டிய ஈரமண்ணின் வாடைதான், சன்னலைத் திறந்தும் போகாமல், தொண்டைவரை இறங்கி நின்றது. வெயிலில் காயவைத்துக் கொட்டிய மணல் எப்படி நனைந்தது? வெளிச்சம் மங்கிய நேரம், தட்டிலிருந்து மெல்லிய சரசரப்பு கேட்டது. சரிவதற்கு முன் மண் போடும் அந்தச் சத்தம் அவனுக்குத் தெரியும். நாய் உறுமியது.

அவனுக்கு ஆத்திரம் பொங்கியது. "இறங்குடா! உன்னாலதான்டா என் மக அழப்போறா!" கழுத்துப்பட்டையைப் பிடித்துத் தரதரவென்று இழுத்து, தட்டின் முன் நிறுத்தினான்.

நாய் மோந்தது. உறுமல் நின்றது. வால் ஆடியது. யாரோ கூப்பிட்டதுபோல் தானே உள்ளே இறங்கியது.

"அப்படித்தான்டா ராசா!"

நாய் முன்காலால் பறித்தது. நாலு விரல் ஆழ மணல். கால் முட்டிவரை போனது. தோள்வரை போனது. நகம் தட்டின் அடியில் படும் சத்தம் கேட்கவில்லை.

"போதும்டா. வா."

தலை உள்ளே போயிற்று.

பட்டையைப் பிடித்து இழுத்தான். அந்தப் பக்கமும் இழுத்தது. முதுகில் சுளீரென்றது. விடவில்லை. பட்டை மட்டும் கையோடு வந்தது.

வால் இன்னும் ஆடிக்கொண்டிருந்தது.

பிறகு வாலும் இல்லை.

படியில் செருப்புச் சத்தம். கதவுக்கு வெளியே மகளின் குரல், மூச்சு வாங்க: "அப்பா! துரை தட்டுல இறங்கிட்டானாப்பா?"

மணலுக்குள்ளிருந்து ஒரு கை எழும்பியிருந்தது. நகமெல்லாம் காய்ந்த சிமெண்டு. அவசரமே இல்லாமல், ஓரத்திலிருந்து ஓரம்வரை, அது மணலைச் சமமாகத் தடவிவிட்டுக்கொண்டிருந்தது.