மிச்சமிருந்த ஒரு வினை

மதியச் சாப்பாட்டை முடித்துவிட்டு அவள் ஆய்வகத்துக்குள் நுழைந்தபோது, ஜன்னல் வழியே வந்த வெயில் மேசைகளைத் தாண்டிக் கதவு வரைக்கும் வழிந்து கிடந்தது. அந்த வெயிலின் நடுவே உட்கார்ந்து, தராசின் எண்களைக் கண்ணைச் சுருக்கிப் பார்த்துக்கொண்டிருந்த உதவி ஆய்வாளர் குருவி, "அக்கா, லைட்டைப் போடுங்களேன். இருட்டிக்கிட்டு வருது" என்றாள்.

விளக்குகள் எல்லாம் எரிந்துகொண்டுதான் இருந்தன.

கரிமப் பாஸ்பரஸ் சேர்மங்களைத் தயாரித்தே தலை நரைத்தவள் அவள். அவற்றின் பூண்டு வாடை புடவையோடு வீடுவரை வருவதால் கணவர் அவளைப் 'பூண்டம்மா' என்றுதான் கூப்பிடுவார். இந்த வகை நஞ்சு தீண்டினால் முதலில் கண்மணி சுருங்கும், உலகம் மங்கும். குருவியின் முகவாயைப் பிடித்துத் திருப்பினாள். கண்மணிகள் கடுகளவுக்குச் சுருங்கியிருந்தன.

"மூச்சு முட்டுதா?"

"எனக்கென்ன, நல்லாத்தானே இருக்கேன்."

வியர்வை இல்லை, இருமல் இல்லை. காற்றில் நஞ்சிருந்தால் அலற வேண்டிய கருவி, பச்சை விளக்கோடு சும்மா இருந்தது. இருந்தாலும் முறிமருந்தை எடுத்துக் குருவியின் தொடையில் ஊசி போட்டாள். மருந்து ஏறினால் நாடி குதிரையாய் ஓட வேண்டும். மணிக்கட்டைப் பிடித்தாள். விரலை மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தாள்.

நாடியே அகப்படவில்லை. குருவி சிரித்துக்கொண்டிருந்தாள்.

வாசலில் நின்ற காவலாளி, "கரண்டு கம்மியா வருதா மேடம்? ஒண்ணுமே தெரியல" என்றார். அவர் தோளுக்குப் பின்னாலிருந்து ஆய்வக இயக்குநரும் எட்டிப் பார்த்தார். எல்லோருக்கும் அதே கடுகளவுக் கண்மணி.

"வெண்ணெய் திரண்டு வர்றப்போ தாழியை உடைக்காதீங்க மேடம்" என்றார் இயக்குநர், பொறுமையாக. "ஒரே ஒரு வேதிவினைதானே பாக்கி."

புகையை உறிஞ்சும் கண்ணாடிக் கூண்டுக்குள் அந்தக் குடுவை இருந்தது. நிறமில்லாத திரவம், தண்ணீரைப் போலச் சாதுவாக.

"பயிர்ப் பூச்சிக்குன்னு சொல்லித்தான் ஆரம்பிச்சோம். கடைசி வினையையும் செஞ்சா இது பூச்சியோட நிக்காது. முடிக்க மாட்டேன்னு போன வாரமே சொல்லிட்டேன்" என்றாள்.

"எங்களுக்காக முடிங்க."

மூன்று வாயும் ஒன்றாகச் சொன்னதுபோல் இருந்தது. அப்போதுதான் கவனித்தாள். பேசும்போதுகூட அவர்களுடைய மார்பு ஏறி இறங்கவில்லை.

பயத்துக்கு அடியில் வேறொன்று கொதித்தது. வாழ்நாளெல்லாம் இந்தக் கையால் எதைச் செய்வது, எதைச் செய்யக்கூடாது என்று முடிவெடுத்தவள் அவள். இன்றைக்கு மட்டும் அதை வேறு யாருக்கு விட்டுக்கொடுப்பது?

"வெளியே போங்க. எல்லாரும்."

குருவியைத் தோளைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு போனாள். எடையே இல்லை. கதவைச் சாத்தித் தாழிட்டாள். கையுறை. முகக்கவசம். நஞ்சை முறிக்கும் காரக் கரைசல் நிறைந்த பாத்திரம். குடுவையைச் சாய்த்தாள், சொட்டுச் சொட்டாக. நிறுத்தவில்லை. திரவம் புகைந்தது, நுரைத்தது, அடங்கியது.

செத்தது.

கவசத்தைக் கழற்றி எறிந்துவிட்டுக் கதவருகே போனாள். கதவின் கண்ணாடியில் மூன்று முகங்கள், மூக்கு சப்பையாகும்படி ஒட்டியிருந்தன. அவர்கள் பக்கம் கண்ணாடி மங்கவே இல்லை.

"கொட்டிட்டேன்" என்றாள், அவர்கள் கண்ணுக்கு நேராக. "இனி உங்களால ஆனதைப் பாத்துக்கோங்க."

அவள் மூச்சுப் பட்டுக் கண்ணாடியில் ஓர் ஆவி வட்டம் படர்ந்தது.

பக்கத்தில் இன்னொன்று.

மூச்சை அடக்கினாள். அவளுடைய வட்டம் மறைந்தது. மற்றது சுருங்கியது. படர்ந்தது. சுருங்கியது. விரலை வைத்துத் துடைத்தாள். ஈரம் விரலில் ஒட்டியது.

உள்பக்கம்.

பூட்டிய அறை. அவள் ஒருத்தி.

பின்கழுத்தில் வெதுவெதுப்பாக ஏதோ பட்டது. வெளியே மூன்று முகங்களும் அவளை விட்டுவிட்டு, அவளுக்குப் பின்னால் பார்க்கத் தொடங்கின.

"முடிக்க முடியாது" என்றாள், திரும்பாமல்.

தோளுக்கு மேலே அந்த வட்டம் மறுபடி படர்ந்தது. இந்த முறை கண்ணாடி முழுக்க.