தாடை நழுவும் இடம்

வாயை மூடினால் முனிராஜின் மோவாய் இடப்பக்கம் ஒதுங்கிவிடும். பாகலூர்ப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் அதேபோல வாயைக் கோணிக் காட்டுவார்கள். ஏழு வயதிலேயே அவன் சிரிப்பதை விட்டுவிட்டான்.

அது 1968ஆம் வருஷம். "வாதம் இழுக்குது. சூடு போட்டாத்தான் நிக்கும்" என்றார் ஊருக்கு வந்த ஒரு வைத்தியர்.

அப்பா கங்கப்பன்தான் அவனை மடியில் அமுக்கிப் பிடித்துக்கொண்டார். காய்ச்சிய கம்பி கன்னத்தில் பட்டது. அக்கா மாதம்மாள் கொல்லைக்கு ஓடிப்போய்க் காதைப் பொத்திக்கொண்டாள். அப்படியும் கேட்டது.

புண் ஆறியது. மோவாய் நேராகவில்லை.

"அமாவாசைக்கு இன்னொரு சூடு" என்றார் வைத்தியர்.

அம்மா இல்லாத வீடு. தடுக்க வேறு யாரும் இல்லை. மாதம்மாள் தம்பியின் வாயையே கவனிக்கத் தொடங்கினாள். வாய் திறந்து தூங்கும்போது அவன் மோவாய் நேராக இருந்தது. வேர்க்கடலை மெல்லும்போது கோணியது.

"முனி, மெதுவா வாயை மூடு. பல்லு பட்டதும் நிறுத்து."

நிறுத்தினான். நேராகத்தான் இருந்தது.

"இப்போ கடி."

தாடை இடப்பக்கம் நழுவியது.

"ஏன்டா தள்ளுற?"

"தள்ளலைன்னா பல்லு இடிக்குதுக்கா. மெல்ல முடியல."

மாதம்மாள் அப்பாவிடம் போனாள். "அப்பா, இது வாதம் இல்லப்பா. பல்லுதான் இடிக்குது. ஓசூருக்குப் பெங்களூர்ப் பல் டாக்டர் வர்றாராம். முதல்ல அவருகிட்ட காட்டலாம்."

"உனக்கென்ன தெரியும்?"

"கடிக்கச் சொல்லி நீயே பாரு."

கங்கப்பன் பார்த்தார். மறுபடி ஒரு முறை பார்த்தார். மறுநாள் மூவரும் பஸ் ஏறினார்கள்.

"பாயி தெகி" என்றார் டாக்டர் கன்னடத்தில். முனிராஜ் வாயைத் திறந்தான். அவர் மேல் பல் வரிசையின் அகலத்தையும் கீழ் வரிசையின் அகலத்தையும் அளந்தார். "பல்லு பட்டதும் தாடை நழுவுதுங்க" என்றார் கங்கப்பன். டாக்டர் மெதுவாகக் கடிக்கச் சொன்னார்.

"நழுவுறதை யாரும்மா கவனிச்சது?" என்று தமிழில் கேட்டார்.

"நான்தாங்க."

"நானும் அதைத்தான் பார்ப்பேன். இவனுக்கு மேல்தாடை ஒடுக்கம். டப்பாவை விட மூடி சின்னதா இருந்தா, ஒரு பக்கமா இழுத்துத்தானே மூடணும்?"

"வாதம் இல்லைங்களா?" கங்கப்பனின் குரல் தாழ்ந்திருந்தது.

"இல்லை. கன்னத்துல என்ன தழும்பு?"

கங்கப்பன் குனிந்து தன் கைகளைப் பார்த்தார். முனிராஜ் தழும்பைக் கையால் மறைத்துக்கொண்டான்.

அடுத்த மாதம் டாக்டர் அண்ணத்தில் பொருத்த ஒரு தகடு கொடுத்தார். நடுவில் சின்னத் திருகு. வாரம் ஒரு முறை சாவியால் திருப்பினால் மேல்தாடை கொஞ்சம் கொஞ்சமாக விரியும். தகடோடு பேசினால் எச்சில் தெறித்தது. முதலில் மாதம்மாள் சிரித்தாள். பிறகு அவனும் சிரித்தான்.

ஆனால் அப்பா சாவியை எடுத்தால் முனிராஜ் பல்லைக் கடித்துக்கொண்டு அக்காவின் முதுகுக்குப் பின்னால் போய்விடுவான். அதனால் அவள்தான் திருப்பினாள். கங்கப்பன் தள்ளி நின்று பார்ப்பார்.

மாதங்கள் போயின. மோவாய் மெல்ல நேரானது. தழும்பு அப்படியே இருந்தது.

ஒருநாள் மாதம்மாள் சாவியை அப்பாவின் கையில் வைத்தாள். "நான் முனி கையைப் பிடிச்சுக்கறேன். நீ திருப்புப்பா."

முனிராஜ் அப்பாவின் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"வலிச்சா நிறுத்திடுவியா?"

"நிறுத்திடறேன்டா" என்றார் கங்கப்பன்.

முனிராஜ் கண்ணை இறுக மூடிக்கொண்டு, வாயைத் திறந்தான்.