ரேனோ தொட்ட இரும்பு

காபி இறங்கிக்கொண்டிருந்தபோது ஹார்லன் வழக்கம்போல அலமாரி மேலிருந்த ஈரமானியைப் பார்த்தான். அறுபத்தொன்று என்று காட்டியது. நாற்பத்தைந்தைத் தாண்டக் கூடாது. பதினோரு வருஷமாகத் தாண்டியதும் இல்லை. ஈரத்தை அளக்கிற வில்லை கீழே அடித்தள அறையில், துப்பாக்கிப் பெட்டகத்துக்குள் இருக்கிறது. எண் மட்டும் கம்பியில்லாமல் மேலே வந்துவிடும். மனைவி பிரிந்து போனபிறகு அவன் காலையில் முதலில் பார்க்கிற முகம் அந்த எண்தான்.

வெளியே டிசம்பர்ப் பனி ஜன்னலில் பாதிவரை ஏறியிருந்தது. மிச்சிகன் மேல்கரையில் இந்த மாதத்தில் வீட்டுக்குள் காற்று காய்ந்து உதடு வெடிக்கும், கம்பளியைத் தொட்டால் பொறி பறக்கும். இதில் ஈரம் எங்கிருந்து வரும்? மின்கலம் தீர்ந்திருக்கும் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு, புது மின்கலமும் பருத்திக் கையுறையும் எடுத்துக்கொண்டு கீழே இறங்கினான்.

அடித்தள அறையில் சூடேற்றும் அடுப்பின் எண்ணெய் வாடை, மான் கறி அடைத்த குளிர்பெட்டியின் முனகல், தோட்டா நிரப்பும் மேசைமேல் பித்தளைக் கூடுகளின் மங்கிய மினுக்கம் எல்லாம் அதது இடத்தில் அப்படியே இருந்தன. எண் சக்கரத்தைத் திருப்பிக் கதவை இழுத்தான். முகத்தில் வெதுவெதுப்பாக ஓர் ஈரம் வந்து மோதியது, ஜன்னல் சாத்தி யாரோ ராத்திரி முழுக்கத் தூங்கிய அறையைத் திறந்ததுபோல. கூடவே அந்தப் பழுத்த வாழைப்பழ வாடை. துப்பாக்கிக் குழல் கழுவும் திரவத்தின் வாடைதான் அது. ஆனால் ஹார்லன் அந்தத் திரவத்தை விட்டு ஆறு வருஷமாகிறது. அதைப் பிடிவாதமாகக் கட்டிக்கொண்டு அழுதவன் ஒருவன்தான்.

அப்பாவின் பழைய ரைஃபிளைக் கையில் எடுத்தான். கருநீலக் குழலில் செம்மஞ்சளாய் மூன்று பொட்டுகள் இருந்தன. விளக்கருகே கொண்டுபோய்ப் பார்த்தான். விரல்ரேகைகள். ரேகையின் சுழியோடு அப்படியே துரு பூத்திருந்தது.

சிலருடைய வேர்வைக்கு அந்தக் குணம் உண்டு. இரும்பைத் தொட்டால் இரண்டே நாளில் துரு. ரேனோ மாக்கியின் கை அப்படிப்பட்ட கை. "ரேனோ வர்றான், துப்பாக்கியை மறைங்கடா!" என்று ஊர்த் துப்பாக்கிக் கிளப்பில் கத்துவார்கள். கைகுலுக்குவதற்குப் பதில் எண்ணெய்த் துணியை நீட்டுவார்கள். ரேனோவும் சளைத்தவன் இல்லை. "மோதிரம் தங்கமாப் போச்சு, என் பொண்டாட்டி தப்பிச்சா" என்பான். நாற்பது வருஷம் அவனும் ஹார்லனும் துப்பாக்கிக்கு மரக்கட்டை நல்லதா பிளாஸ்டிக் கட்டை நல்லதா என்று சண்டை போட்டார்கள். தீரவே இல்லை.

அந்த ரேனோ போன மாதம் செத்துப்போனான்.

இந்த வருஷம் மார்ச்சில் ஒரு நாள் அவன் தன் ரைஃபிளைப் பச்சைப் போர்வையில் சுற்றிக்கொண்டு வந்தான். சுரங்க வேலை போய், மகளைப் பறிகொடுத்து, தூக்கமும் இல்லாமல் கிடந்த காலம். "இது வீட்டுல இருக்க வேணாம்டா. கொஞ்ச நாள் நீ வெச்சுக்க" என்றான். அந்த ஊரில் இதற்குமேல் யாரும் கேட்க மாட்டார்கள். வாங்கி உள்ளே வைத்துவிட்டு, ஆளுக்கொரு பீர் திறந்து, ஐஸில் மீன் பிடிப்பதைப் பற்றிப் பேசுவார்கள். ஹார்லனும் அதைத்தான் செய்தான்.

நவம்பரில், மான் வேட்டை சீசனுக்கு இரண்டு நாள் இருக்கும்போது, ரேனோ திரும்ப வந்தான். நன்றாகச் சவரம் செய்திருந்தான். ஹார்லனின் கண்ணை மட்டும் பார்க்கவில்லை.

அன்று காலைதான் ரேனோவின் மனைவி ஜோலீன் போன் செய்திருந்தாள். "கேட்டா கொடுக்காதே, ஹார்லன். ராத்திரியெல்லாம் சுவரையே பார்த்துக்கிட்டு உக்காந்திருக்கான்."

"கொஞ்ச நாள் போகட்டுமேடா" என்று ஹார்லன் இழுத்தான்.

ரேனோ சிரித்தான். "ஏப்ரல்ல கிளப் கூட்டத்துல எழுந்து நின்னு என்ன பேசினே? ஒருத்தன் துப்பாக்கியை அவன்கிட்டேருந்து பிடுங்கி வைக்க கோர்ட்டுக்கும் உரிமை இல்ல, கொம்பனுக்கும் உரிமை இல்லன்னு பேசினியா இல்லையா? முன் வரிசையில உக்காந்து கை தட்டினது நான்தான்டா."

பேசினான்தான். உண்மையென்று நம்பித்தான் பேசினான், இன்றும் நம்புகிறான். அதனால் பெட்டகத்தைத் திறந்தான். வெறுமனே கொடுக்கவில்லை, பாவி. எண்ணெய் போட்டுத் துடைத்துக் கொடுத்தான். சீசன் முதல் நாள் காலை ஊரே மானைத் தேடிப் போக, கிளப் ஆட்கள் மட்டும் ரேனோவைத் தேடிப் போனார்கள். வேட்டைக் குடிசைக்குப் பின்னால் கிடந்தான்.

துருவைக் கண்ட அன்று பிற்பகல் ஜோலீன் வந்தாள். பூட்ஸில் ஒட்டிய பனியைத் தட்டக்கூட இல்லாமல் வாசலிலேயே நின்றாள். கையில் அதே பச்சைப் போர்வை.

"ஷெரிஃப் ஆபீஸ்ல திருப்பிக் கொடுத்துட்டாங்க. என் வீட்டுல இது இருக்கக் கூடாது. நீதானே எடுத்துக் கொடுத்தே, நீயே வெச்சுக்க."

"உள்ள வா, ஜோலீன். காபி போடறேன்."

"ஒரே ஒரு பொய் சொல்லியிருக்கலாமே, ஹார்லன்." குரல் உயரவில்லை. அதைத்தான் அவனால் தாங்க முடியவில்லை. "பெட்டி நம்பர் மறந்துபோச்சுடான்னு. நம்பியிருக்க மாட்டான். உன்னைக் கண்டபடி திட்டிக்கிட்டே வீட்டுக்கு வந்திருப்பான். உயிரோட வந்திருப்பான்."

"நான் அவன்கிட்ட பொய் சொன்னதே இல்ல."

"தெரியும்" என்றாள். "அதான் போயிட்டான்."

வண்டி போகும் சத்தம் பனியில் கரையும்வரை ஹார்லன் அந்தப் போர்வையைக் குழந்தையை ஏந்துவதுபோல ஏந்திக்கொண்டு நின்றான். பிறகு கீழே போய், காலியாக விட்டிருந்த அதே இடத்தில் ரைஃபிளைச் சாய்த்து வைத்துப் பூட்டினான்.

மறுநாள் ஈரமானி அறுபத்தெட்டு என்றது. ஈரம் உறிஞ்சும் மணிகளை அடுப்பில் வறுத்துப் புதிதாக வைத்தான். எழுபத்துநாலு ஆனது. நாற்காலியைப் பெட்டகத்தின் எதிரே போட்டு நாள் முழுக்க உட்கார்ந்து பார்த்தான். அடுப்பு எரிந்து நிற்கும், குளிர்பெட்டி முனகி அடங்கும், அந்த இரண்டு சத்தங்களுக்கும் நடுவில் விழும் அமைதியில் கதவுக்குப் பின்னாலிருந்து இன்னொன்று கேட்டது. மெதுவாக, நிதானமாக, தோல் இரும்பைத் தடவிக்கொண்டு போகிற சத்தம். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை போகும். நிற்கும். அங்கிருந்து திரும்பி வரும்.

திறந்தால் யாரும் இல்லை. ஈர மூச்சும் வாழைப்பழ வாடையும் மட்டும். ஆனால் தினமும் துரு ஒரு துப்பாக்கி தள்ளிப் போயிருந்தது. முதலில் அப்பாவுடையது, அப்புறம் வாத்து வேட்டைக்கான இரட்டைக்குழல், பிறகு கிளப் பரிசாக வந்தது. பொட்டுப் பொட்டாக இருந்தது இப்போது உள்ளங்கை அகலத்துக்கு அப்பியிருந்தது. விசையிலும் தாழிலும் மட்டும் கெட்டியாக, யாரோ உட்கார்ந்து மணிக்கணக்கில் அழுத்திப் பிடித்திருந்ததுபோல. இழுத்துப் பார்த்தான். ஒன்றிலும் எதுவும் அசையவில்லை, இனி ஒன்றுமே சுடாது.

ரேனோவின் ரைஃபிள் மட்டும் பளபளவென்று இருந்தது. அதன்மேல் ஒரு ரேகைகூட இல்லை.

"என்னடா வேணும் உனக்கு?" என்று ஹார்லன் பெட்டகத்துக்குள் பார்த்துக் கேட்டான். "உன்னோடதுதான் உன் பக்கத்துலயே இருக்கே. எடுத்துக்கிட்டுப் போயேன்டா." சொல்லும்போதே அழுகை முட்டிக்கொண்டு வந்தது. இறுதிச் சடங்கிலும் அழாத மனுஷன், துருப்பிடித்த இரும்புகளுக்கு முன்னால் மண்டியிட்டுக் கதறினான்.

அதற்குப் பிறகு அவன் சாப்பிடவில்லை. கிளப்பிலிருந்து வந்த போன்களை எடுக்கவில்லை. "ஞாயித்துக்கிழமை சாயங்காலம் சாப்பிட கறி பேஸ்டி வாங்கிட்டு வர்றோம், கதவைத் திற" என்று யாரோ செய்தி விட்டிருந்தார்கள். அதற்கும் பதில் அனுப்பவில்லை. ஒரு பொய். ஒரே ஒரு பொய். காலையில் அதுதான், படுக்கையில் அதுதான்.

ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கே வெளிச்சம் போய்விட்டது. ஹார்லன் தட்டுகளைக் கழுவிக் கவிழ்த்தான். வண்டிச் சாவியையும் வீட்டுப் பத்திரங்களையும் மேசைமேல் வரிசையாக வைத்தான். வாசல் கதவின் தாழை எடுத்துவிட்டான், வருகிறவர்கள் உடைக்க வேண்டியிராது. ரேனோவின் ரைஃபிளைத் துடைக்க வேண்டும் என்று சத்தமாகச் சொல்லிக்கொண்டான். துடைக்கத்தான், வேறெதற்கும் இல்லை.

எண்ணெய்ப் புட்டியும் துணியும் சமையலறையிலேயே இருந்தன. அவன் எடுக்கவில்லை.

ஈரமானி தொண்ணூற்றொன்பது காட்டியது.

படி இறங்கினான். அடுப்பு அணைந்திருந்தது. குளிர்பெட்டியும் முனகவில்லை. பெட்டகத்தின் கதவிடுக்கிலிருந்து பழுப்பாக நீர் கசிந்து, தரையில் கோடாக ஓடியிருந்தது.

எண் சக்கரத்தைத் திருப்பினான். வலது. இடது. வலது. எண் சரிதான். அவன் சுட்ட முதல் மான் விழுந்த தேதி, அதை எப்படி மறக்கும்? பிடியை அழுத்தினான். தாழ்கள் விலகின. கதவை இழுத்தான்.

ஓர் அங்குலம் வந்தது.

நின்றது.

திரும்ப இழுத்தான். வரவில்லை. துரு ஏறியிருக்கும் என்று நினைத்தான். காலைச் சுவரில் ஊன்றி, இரண்டு கையாலும் இழுத்தான்.

உள்ளேயிருந்தும் இழுத்தது.

அந்த ஓர் அங்குல இருட்டில் வாழைப்பழ வாடை. வெதுவெதுப்பான மூச்சு. விட்டு விட்டு. முக்கி முக்கி. கதவின் உள்விளிம்பை நாலு விரல்கள் பற்றியிருந்தன. செம்மஞ்சளாக, தோல் செதில் செதிலாக உரிந்து, ஈரம் சொட்டச் சொட்ட. சுண்டுவிரலுக்குப் பக்கத்து விரலில் தங்க மோதிரம். அதில் மட்டும் துரு இல்லை.

"விடுடா" என்றான் ஹார்லன். "ரேனோ, விடுடா. திற."

விரல்கள் இறுகின. அவன் இழுத்தான். இரும்பு கிறீச்சிட்டது. விரலின் தோல் விளிம்பில் வழுக்கி, எலும்பு தெரிந்தது. பிடி தளரவில்லை.

மேலே வாசல் கதவைத் தட்டுகிற சத்தம் கேட்டது. யாரோ அவன் பேரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள்.

இருட்டுக்குள்ளிருந்து, வாயில் மண் அடைத்த குரலில், தெரிந்த குரலில், கெஞ்சலாக:

"நம்பர் மறந்துபோச்சுடா, ஹார்லன்."

கதவு அரை அங்குலம் உள்ளே போனது.

"மறந்துபோச்சுடா. வீட்டுக்குப் போ."