சாப்பிட்ட பிறகுதான் ஊசி

மண் தட்டில் எறும்பு மொய்த்திருந்தது.

அங்கம்மா விளக்குமாற்றைப் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டாள். தோட்டத்துத் துரை பங்களாவின் பின்பக்கம், சமைக்கிற குசினியின் கதவை ஒட்டி, துரையின் மனைவி துரைசாணியின் பூனை மூத்திரம் பெய்வதற்காக மணல் நிரப்பிவைத்த தகரத் தட்டு அது. அந்தப் பூனை பர்ஸிக்குச் சீனி வியாதி. அது பெய்த இடத்துக்கெல்லாம் எறும்பு வரும். எறும்பைப் பார்த்துத்தான் வியாதியே முதலில் தெரிந்தது. ஆனால் பர்ஸியைப் புதைத்து இரண்டு நாளாகிவிட்டது. தட்டில் இருப்பது, அது சாகிற அன்று அவள் போட்ட புது மணல். அதற்குப் பிறகு அதில் கால் வைக்க யாரும் இல்லை.

நடுவில் கைப்பிடி அளவு நனைந்திருந்தது. குனிந்து தொட்டுப் பார்த்தாள். வெதுவெதுப்பாக இருந்தது.

விறகுக் கட்டைத் தூக்கிக்கொண்டு தோட்டக்கார வீரய்யா வந்தான்.

"வீரய்யா, இந்தப் பக்கம் வேற பூனை ஏதாச்சும் வருதா?"

"பூனையா? லயத்துல எலியே பட்டினி கெடந்து ஓடிப்போச்சு. பூனை எதைத் திங்க வருமாம்?" விறகைப் பொத்தென்று போட்டான். "தொரசாணி நாளைக்கு வர்றாங்களாமே அக்கா. என்னா சொல்லப் போறீங்க?"

"என்னாத்த சொல்றது. சீக்குப் பூனை, செத்துப்போச்சு."

அவன் போகவில்லை. தலைப்பாகையை அவிழ்த்து முகத்தைத் துடைத்தான்.

"ஒண்ணு சொன்னா கோவிச்சுக்க மாட்டீங்களே? குழியில வைக்கிறப்ப அது சூடா இருந்துச்சுக்கா. காது கூட லேசா ஆடுன மாதிரி இருந்துச்சு. நீங்கதான் மூடு மூடுன்னு அவசரப்படுத்துனீங்க. மழையும் வந்துச்சேன்னு நானும் மூடிப்புட்டேன்."

"நரம்பு இழுக்கும். செத்தா அப்படித்தான்."

"இருக்கும், இருக்கும். தெனம் ஈரல் தின்ன ஒடம்புல்ல? சூடு லேசுல எறங்காது. நம்ம ஒடம்பா என்னா, மரவள்ளிக்கெழங்கு ஒடம்பு!" சிரித்துக்கொண்டே போனான்.

அங்கம்மா அவன் முகத்தைப் பார்க்கவில்லை. இரண்டு நாளாக அவள் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

அரிசியும் மாவும் சீனியும் குறைந்துபோன வருஷம் அது. தேயிலைத் தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் லயத்தில் கிழங்கைத் தோலோடு அவித்துத் தின்றார்கள். அவளுடைய மகள் லெட்சுமி பிள்ளை பெற்று மாதம்கூட ஆகவில்லை. மார் வற்றிப்போய்க் குழந்தை அழக்கூடத் தெம்பில்லாமல் கிடந்தது. பங்களாவிலோ, பதுளை நிஸாம் நானாவின் இறைச்சிக்கடையிலிருந்து பசறை பஸ்ஸில் பர்ஸிக்கு மாட்டு ஈரல் வந்தபடி இருந்தது. துரைக்கு நெஞ்சுவலி என்று கொழும்பு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு புறப்பட்டபோதும் துரைசாணி காரிலிருந்து தலையை நீட்டி, தனக்குத் தெரிந்த தமிழில் எப்போதும் சொல்வதையேதான் சொன்னாள்.

"மொதல்லே சாப்பாடு. பொறகு ஊசி. பர்ஸி சாப்பிடல்லே, ஊசி இல்லே. நடுங்கி விழுந்தா, குளுக்கோஸ் கரைச்சி வாயிலே பூசு. வெளங்குதா அங்கம்மா?"

"வெளங்குதுங்க தொரசாணி."

விளங்கத்தான் செய்தது. மருந்துக் குப்பியை உள்ளங்கையில் உருட்டவும், பூனையின் பின்கழுத்துத் தோலைக் கூடாரம்போல் தூக்கிப் பிடித்து ஊசியை நுழைக்கவும் அவள் கை நன்றாகப் பழகியிருந்தது. பர்ஸியும் பழகிவிட்டது. தின்று முடித்ததும் முதுகைக் காட்டிக்கொண்டு உட்காரும்.

அவர்கள் போன முதல் நாள் ஈரலை அவித்து அறுக்கும்போது ஓரத்துண்டு ஒன்றை வாயில் போட்டாள். பிறந்ததிலிருந்து மாட்டிறைச்சியைத் தொடாதவள். மறுநாள் பாதி. அப்புறம் முழுவதும். குசினிக் கதவைச் சாத்திக்கொண்டு, நின்றபடியே, பூனை காலைச் சுற்றிச் சுற்றிக் கத்தக் கத்தத் தின்றாள். மாட்டு ஈரலை எப்படி மகள் வாயில் வைப்பது என்று பிறகு மனசுக்குள் ஒரு சாக்குச் சொல்லிப் பார்த்தாள். அது சாக்குதான். தின்கிற நேரத்தில் அவளுக்கு மகள் ஞாபகமே வரவில்லை.

குப்பியில் மருந்து குறையாவிட்டால் துரைசாணி கண்டுபிடித்துவிடுவாள். அதனால் வெறும் வயிற்றுப் பூனைக்கு ஊசியைப் போட்டாள்.

அது நடுங்கியது. விழுந்தது. காலை இழுத்தது. அவள் குளுக்கோஸ் டின்னுக்கு ஓடினாள். டின்னில் ஒன்றும் இல்லை. அதையும் அவள்தான் கரைத்துக் குடித்திருந்தாள்.

மதியத்துக்கு மேல் மூடுபனி இறங்கிற்று. தேயிலை வாட்டும் வாசனை ஸ்டோர்த் தொழிற்சாலைப் பக்கமிருந்து ஈரத்தோடு வந்து குசினிக்குள் தங்கியது. தகரக் கூரையில் சவுக்குமரத்துச் சொட்டுகள் விட்டுவிட்டு விழுந்துகொண்டிருந்தன. அந்தச் சொட்டுகளுக்கு நடுவே வேறொரு சத்தம், மெல்லிய, ஒரே சீரான சத்தம், நாக்கு தண்ணீரை நக்கி நக்கி எடுக்கிற சத்தம், சாப்பாட்டறையிலிருந்து வந்துகொண்டே இருந்தது. சீனி வியாதிக்காரப் பூனை அப்படித்தான் குடிக்கும். நிறுத்தவே நிறுத்தாது.

அங்கம்மா வானொலியைப் போட்டாள். சத்தம் நிற்கவில்லை. வானொலியை அணைத்தாள்.

நக்குகிற சத்தமும் நின்றது.

லயத்துக்கு ஓடிவிடலாம் என்று சேலைத் தலைப்பை இழுத்துச் செருகினாள். ஓடி என்ன சொல்வது? ஏன் வந்தாய் என்று லெட்சுமி கேட்பாள். செத்த பூனைக்குப் பயந்தேன் என்றால், பூனைக்கு ஏன் பயம் என்று கேட்பாள். ஒவ்வொன்றாகக் கேட்டுக் கடைசியில் ஈரலுக்கு வந்துவிடுவாள். அந்தக் கேள்வியைவிட இந்தக் குசினியே மேல் என்று தோன்றிற்று. உட்கார்ந்துவிட்டாள்.

ஊசி போடுகிற நேரம் வந்தது.

கதவு திறக்கவில்லை. ஆனாலும் அது அடுப்புக்கு முன்னால் இருந்தது.

வெள்ளை மயிரெல்லாம் சிவப்பு மண் அப்பித் திரித்திரியாக நின்றது. வாய்க்குள்ளும் மண். முன்னங்காலில் நகங்கள் இல்லை. தோண்டித் தோண்டித் தேய்ந்துபோயிருந்தன. மூச்சு விடுவதாகத் தெரியவில்லை. அழுகிய பழம்போன்ற ஒரு தித்திப்பு நாற்றம் மட்டும் அதிலிருந்து வந்தது.

"பர்ஸி... எஞ் சாமி... தெரியாமச் செஞ்சிட்டேன்."

தெரிந்துதான் செய்தாள். சொல்லும்போதே வாய் கூசியது.

காலை பஸ்ஸில் வந்த ஈரலை ஏற்கெனவே அவித்து வைத்திருந்தாள். யாருக்காக அவித்தாள் என்பது அவளுக்குத் தெரியும். அத்தனையையும் பூனையின் பீங்கான் தட்டில் போட்டு முன்னால் வைத்தாள்.

"சாப்பிடு ராசா. எல்லாம் ஒனக்குத்தான். சாப்பிடு."

பூனை தட்டைப் பார்க்கவில்லை. அவளைப் பார்த்தது. நகமில்லாத காலைத் தட்டின் விளிம்பில் வைத்தது. தள்ளியது. தட்டு சிமெந்துத் தரையில் கீறிக்கொண்டு நகர்ந்து அவள் முழங்காலில் இடித்தது.

"வேணாம்... எனக்கு வேணாம்."

காத்திருந்தது.

அவளுக்குப் பசித்தது. அந்த நிலையிலும் பசித்தது. வாயில் எச்சில் ஊறியதை அவளாலேயே தாங்க முடியவில்லை. கைகளைத் தரையில் ஊன்றினாள். குனிந்தாள். வாயாலேயே கவ்வினாள்.

ஒரு துண்டு.

இன்னொன்று.

கண்ணீர் தட்டில் விழுந்தது. அதையும் சேர்த்துத் தின்றாள். நிமிர்ந்து பார்த்தபோது எதிரே பூனை இல்லை. ஈரமான மண் தடம் அவள் கைக்குப் பக்கமாகப் போய், இடுப்பைக் கடந்து, பின்னால் போயிருந்தது.

முதுகில் பாரம். கொஞ்சம்தான். குளிர்ந்த நான்கு கால்கள்.

மெதுவாகத் தின்றாள். இன்னும் மெதுவாக. தட்டில் ஒரே ஒரு துண்டு. வாயில் எடுத்துக்கொண்டாள். மென்றாள். விழுங்கவில்லை.

சிறு பற்கள் அவளுடைய பின்கழுத்துத் தோலைக் கவ்வின. வலிக்காமல், பழகிய பக்குவத்தோடு, தோலை ஒரு கூடாரம்போல் தூக்கிப் பிடித்தன.

அங்கம்மா நாலு காலில் நின்றாள். வாய் நிறைய ஈரல். எறும்புகள் வரிசையாக வந்து அவள் விரல்மேல் ஏறின.

அவள் விழுங்கவில்லை. பற்களும் விடவில்லை.