பதினோராம் மாடி விருந்தாளி

மதியச் சாப்பாட்டு நேரத்தில் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் அந்தச் செய்தி வந்தது. "எண்பத்து நான்காம் எண் வீட்டாரின் கவனத்திற்கு. உங்கள் விருந்தாளியான பெண்மணி காலையிலிருந்து வாசலில் நிற்கிறார். அதனால் பதினோராம் மாடி நடைவழி விளக்கு அணையாமல் எரிகிறது. அவரை உள்ளே அழைத்துக்கொள்ளுங்கள், அல்லது அனுப்பிவிடுங்கள். இப்படிக்கு, நிர்வாகம்."

கம்ஷாத் சூப்புக் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு மறுபடியும் படித்தாள். எண்பத்து நான்கு அவள் வீடுதான். ஆனால் விருந்தாளி என்று யாரும் வருவதாக இல்லை. வீட்டில் அவளும், பிறந்து நாற்பது நாள் நிறையாத சன்ஜரும் மட்டும் இருந்தார்கள். கணவன் செர்ஜான் மேற்கே எண்ணெய் வயலில் இருந்தான், அடுத்த மாதம்தான் வருவான். துணைக்கு வந்திருந்த அக்கா, தன் மகனுக்குக் காய்ச்சல் என்று போன் வந்ததும் விடியலிலேயே ஊருக்கு பஸ் ஏறிவிட்டாள். இன்று ஒரு நாள்தான், நாளைக்கு வந்துவிடுவேன் என்று சொல்லித்தான் போனாள். பிள்ளை பெற்றவளை நாற்பது முடியும்வரை தனியாக விடக்கூடாது என்பது அக்காவுக்கும் தெரியும், கம்ஷாத்துக்கும் தெரியும். காய்ச்சலுக்குத்தான் தெரியவில்லை.

அவள் கதவருகே போய்க் கண்ணாடித் துளையில் கண்ணை வைத்தாள். நடைவழி விளக்கு பளீரென்று எரிந்துகொண்டிருந்தது. வெள்ளைத் தரை, எதிர்வீட்டு பிரவுன் கதவு, லிஃப்டின் பொத்தான். ஒருவரும் இல்லை. யாரோ கேமராவைத் தப்பாகப் பார்த்துவிட்டு எழுதியிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு திரும்பினாள்.

நிர்வாகத்தைக் குறை சொன்னால் நாக்கு அழுகிவிடும், அவ்வளவு நல்ல நிர்வாகம். இலையுதிர்காலத்தில் பிபிசாரா தலைவியாக வரும் முன்பு இந்தக் கட்டிடத்தில் லிஃப்ட் ஓடாது, வெந்நீர் வராது, கீழ்த்தளத்தில் பூனை மூத்திரம் நாறும். இப்போது அல்மாத்தி நகரத்திலேயே இப்படி ஒரு சுத்தமான கட்டிடம் கிடையாது என்று வருகிறவர்கள் சொல்கிறார்கள். ஆனால் எதற்கும் ஓர் உத்தரவு. செருப்பு வெளியே இருக்கக் கூடாது, குழந்தை வண்டி வெளியே இருக்கக் கூடாது, ஆள் வெளியே நிற்கக் கூடாது. நடைவழிகளில் அசைந்தால் எரிகிற, அசையாவிட்டால் அணைகிற விளக்குகளைப் போட்டாயிற்று. மீறுகிறவர்களின் வீட்டு எண் குழுவில் ஏறும், மொத்தக் கட்டிடமும் படித்துச் சிரிக்கும். வீட்டில் சண்டை போட்டால்கூடச் சத்தமில்லாமல் போடக் கற்றுக்கொண்டிருந்தார்கள்.

இன்றும் சிரித்தார்கள். ஐந்தாம் மாடிக்காரர் ஒருவர், கசாக் வீட்டு வாசலில் விருந்தாளியைக் காக்க வைப்பவர்களை இப்போதுதான் பார்க்கிறேன், எண்பத்து நான்கில் வெளிநாட்டுக்காரர் யாராவது குடிவந்துவிட்டாரா என்று எழுதினார். அதற்குக் கீழே இன்னொருத்தி, அடுப்பில் கறி வேகிற வாசனை நம் மாடிவரை வருகிறது, பாவம் அந்த அம்மாவுக்கு ஒரு வாய் ரொட்டி கிடைக்கவில்லை என்று எழுதினாள். கம்ஷாத்துக்குக் காது சூடாகிவிட்டது. கேட்காமல் வந்தவனைக் கடவுள் அனுப்பிய விருந்தாளி என்று சொல்லும் குடும்பத்தில் வளர்ந்தவள் அவள். வாசலுக்கு வந்தவர் ரொட்டியைத் தொடாமல் திரும்பினால் வீட்டின் அதிர்ஷ்டமும் கூடவே போய்விடும் என்று வாயில் பல் முளைத்த நாளிலிருந்து கேட்டு வந்தவள். வெளியே யாருமில்லை என்று குழுவில் எழுதினாள். யாரும் நம்பவில்லை.

எதிர்வீட்டு ஸவ்ரேதான் போன் செய்தாள். சந்தையில் கம்பளிச் சாமான் விற்கிறவள், தன் கண்ணால் பார்க்காமல் எதையும் நம்பாதவள். அன்று ஒரு கல்யாண விருந்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள்.

"கதவைத் திறந்து பார்த்துட்டேன்டி. ஒரு ஈ காக்கா இல்ல."

"விளக்கு அக்கா?"

"எரியுது. நான் திறக்கறதுக்கு முன்னாடியே எரிஞ்சுக்கிட்டுதான் இருந்துச்சு. நான் பையில சாவி தேடிட்டு நின்னாலே அது அணைஞ்சிரும், கைய ஆட்டுனாத்தான் எரியும். யாரா இருந்தாலும் சும்மா நிக்கலடி. ஆடிக்கிட்டு நிக்குது."

அதைச் சொன்ன பிறகு அவளுக்கே பிடிக்கவில்லை. ஒயரில் கோளாறாக இருக்கும், தலைவிக்கு வேறு வேலை இல்லை என்று சிரித்தாள். வைக்கும் முன், பிள்ளையிருக்கும் அறையில் விளக்கை அணைக்காதே என்று மட்டும் சொன்னாள். ஏன் என்று கம்ஷாத் கேட்கவில்லை. நாற்பது நாளுக்குள் பிள்ளை பெற்றவளையும் பிள்ளையையும் தேடி வருகிற பேய்ப்பெண்ணின் பெயரை இந்த நாட்களில் வீட்டில் யாரும் சொல்வதில்லை. மஞ்சள் முடிக்காரி என்றால் போதும், அதுவும் தாழ்ந்த குரலில். படித்த பெண்ணான கம்ஷாத் அதையெல்லாம் நம்புவதில்லை. ஆனாலும் விளக்கு எரிகிறதா என்று போய்ப் பார்த்துவிட்டு வந்தாள்.

சன்ஜர் தரையில் வைத்து ஆட்டும் மரத்தொட்டிலில், அக்கா போர்த்திவிட்டுப் போன துணிகளுக்குக் கீழே தூங்கிக்கொண்டிருந்தான். துணியைத் தூக்கிப் பார்த்தாள். சின்ன மூக்கு, சின்ன மூச்சு. இவனுக்கு ஒன்று ஆனால் நான் இருக்க மாட்டேன் என்று நினைத்தாள். அது அலங்காரப் பேச்சு அல்ல. மூன்று முறை கலைந்த பிறகு தங்கியவன் இவன்.

அடுத்த செய்தி வந்தது, இந்த முறை அவள் பெயர் போட்டு. கம்ஷாத் நிர்வாக அலுவலகத்துக்கே போன் செய்தாள். பிபிசாராவே எடுத்தாள். வெளியே ஒருவரும் இல்லை, துளை வழியாகப் பார்த்தாயிற்று, எதிர்வீட்டிலும் பார்த்தாயிற்று என்று கம்ஷாத் சொல்லச் சொல்ல, அந்தப் பக்கம் டீயில் சர்க்கரை கலக்குகிற சத்தம் கேட்டது.

"எனக்கு முன்னாடி திரையில தெரியுதும்மா. உங்க கதவுக்கு முகத்தக் காட்டி நிக்கிறாங்க."

"அந்தப் படத்த எனக்கு அனுப்புங்க."

"கேமரா படம் யாருக்கும் தரக் கூடாதுன்னு போன கூட்டத்துல முடிவாச்சு. நீங்களும்தான் சம்மதிச்சீங்க."

கம்ஷாத் அந்தக் கூட்டத்துக்குப் போகவேயில்லை. ஆஸ்பத்திரியில் இருந்தாள். பதில் சொல்லாதவர்கள் சம்மதித்தவர்கள் என்று எழுதிக்கொள்வது பிபிசாராவின் வழக்கம். அதைச் சொல்லிச் சண்டை போட அவளுக்குத் தெம்பில்லை. எப்படி இருக்கிறாள் அந்த அம்மா என்று மட்டும் கேட்டாள். முதுகுதான் தெரிகிறது, தலையில் துணி இல்லை, இந்தக் குளிரில் கோட்டும் இல்லை, சொந்தக்காரியாக இருந்தால் நல்லபடியாகப் பேசி முடித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு பிபிசாரா போனை வைத்தாள்.

அதற்குப் பிறகு கம்ஷாத் கதவுப் பக்கம் போகவில்லை. டிசம்பர் மாதத்துப் பகல் சீக்கிரமே கரையத் தொடங்கியது. கீழே நகரத்தின் கரிப்புகை எழுந்து ஜன்னலில் ஒட்டிக்கொள்ள, எதிரே இருக்க வேண்டிய மலை காணாமல் போக, சூடேற்றும் குழாய்கள் சுவருக்குள் டொக் டொக்கென்று தட்டிக்கொண்டு மேலிருந்து கீழே இறங்க, அடுப்பில் ஆறிப்போன ஆட்டுக்கறிச் சூப்பின் கொழுப்பு வாசனையோடு வேறொரு வாசனையும் வந்தது. ஈர முடியின் வாசனை. வெகுநாள் உலராமல் கட்டி வைத்த முடியின் வாசனை. கதவின் அடி இடுக்கிலிருந்து வந்தது. அந்த இடுக்கில் வெளிச்சக் கோடு ஒன்று மஞ்சளாகக் கிடந்தது. அதன் நடுவில் ஒரு நிழல் இடமும் வலமுமாகப் போய்ப் போய் வந்தது. தொட்டிலை ஆட்டுகிற வேகத்தில்.

அவள் சமையலறைச் சுவரோடு ஒட்டி நின்று செர்ஜானுக்கு போன் செய்தாள். எண்ணெய் வயலில் சிக்னல் கிடைக்கவில்லை. அக்காவுக்குச் செய்தாள். எடுக்கவில்லை. ஸவ்ரேயின் போனில் கல்யாணப் பாட்டுச் சத்தம்தான் கேட்டது. சன்ஜர் விழித்துக்கொண்டு அழத் தொடங்கினான். அந்தி நேரத்தில் குழந்தை அழுதால் சட்டென்று தூக்கிவிட வேண்டும். அவள் அறையை நோக்கி நடந்தாள்.

அப்போது அழைப்பு மணி அடித்தது.

அவள் அசையவில்லை. மறுபடி அடித்தது. பிறகு, "கம்ஷாத், நான்தான், பிபிசாரா. திறங்கம்மா" என்று அலுத்த குரல் கேட்டது. துளையில் பார்த்தாள். நரித்தோல் தொப்பி, கழுத்தில் சாவிக் கொத்து, மூக்குக் கண்ணாடி. தலைவியேதான். அவளுக்குப் பின்னால் வெறும் நடைவழி. ஒரு மனித முகத்தைப் பார்த்ததில் கம்ஷாத்துக்கு அழுகையே வந்துவிட்டது. இரண்டு பூட்டையும் திறந்து, சங்கிலியை எடுத்து, கதவை அகலத் திறந்தாள்.

பிபிசாரா நடைவழியின் இரண்டு பக்கமும் பார்த்தாள். யாரும் இல்லை என்று அவளே ஒத்துக்கொண்டாள். நான் ஏறி வருவதைப் பார்த்துப் படி வழியாக இறங்கிப் போயிருப்பாள், இந்தக் காலத்தில் யாரை நம்புவது, நல்லதாகப் போயிற்று என்றாள். உள்ளே அழுகிற குழந்தையின் பெயரைக் கேட்டாள். கண்ணேறு படக் கூடாதென்று "அசிங்கமா இருப்பான் போல" என்று முறைப்படி சொன்னாள். கடுமையானவள்தான், ஆனால் கெட்டவள் இல்லை என்று கம்ஷாத்துக்குத் தோன்றியது. பிபிசாரா கையை ஆட்டிவிட்டு லிஃப்ட் பக்கம் திரும்பினாள்.

நெஞ்சில் பயம் இறங்கிய இடத்தில் வெட்கம் ஏறிக்கொண்டது. வாசல்வரை வந்தவளை நிற்க வைத்தே அனுப்புவதா? நாளைக்கு இதையும் குழுவில் எழுதுவார்கள். யோசிக்கவேயில்லை. பிறந்த வீட்டில் அம்மா சொன்னது, மாமியார் வீட்டில் இவள் சொன்னது, ஆயிரம் தடவை வந்த வார்த்தை தானாக வாயில் வந்தது.

"வாசல்லயே நின்னுட்டுப் போறதா? உள்ள வாங்க. ரொட்டி ஒரு வாய் தொட்டுட்டுப் போங்க."

அதற்கென்ன, கீழே வேலை கிடக்கிறது, வேறொரு நாள் கட்டாயம் வருகிறேன் என்று பிபிசாரா லிஃப்டில் ஏறினாள். கதவுகள் மூடின. கம்ஷாத்தின் கன்னத்தில் குளிர்ந்த காற்று லேசாக உரசிப் போனது. படிக்கட்டு ஜன்னலை யாரோ திறந்து வைத்திருக்கிறார்கள் என்று நினைத்தபடி அவள் கதவைச் சாத்தி, இரண்டு பூட்டையும் பூட்டி, சங்கிலியை மாட்டினாள். இடுக்கில் கிடந்த வெளிச்சக் கோடு அணைந்தது. அதைப் பார்த்து நிம்மதியாகப் பெருமூச்சு விட்டாள்.

சன்ஜரின் அழுகையும் நின்றிருந்தது.

கைபேசி அதிர்ந்தது. "எண்பத்து நான்காம் எண் வீட்டாருக்கு நன்றி. விருந்தாளி உள்ளே போய்விட்டார். விளக்கு அணைந்துவிட்டது. இப்படிக்கு, நிர்வாகம்." அதற்குக் கீழே ஐந்தாம் மாடிக்காரர் கைதட்டியிருந்தார்.

அவள் போன் செய்தாள். இரண்டு தடவை தவறாக அழுத்தினாள். பிபிசாரா சந்தோஷமாகவே பேசினாள்.

"இப்பத்தான் கீழ வந்து திரையில பார்த்தேன். என் முதுகுக்குப் பின்னாடியேதாம்மா நின்னிருக்காங்க, எனக்குத்தான் தெரியல. நீங்க வாங்கன்னதும் என்னச் சுத்தி வந்து, உங்க தோள ஒட்டி உள்ள போனாங்க. நீங்களும் வழி விட்டீங்களே."

கம்ஷாத் அறைப் பக்கம் திரும்பினாள்.

"முடி எவ்வளவு நீளம்னு இப்பத்தான் கவனிச்சேன். தரை வரைக்கும். மஞ்சள் சாயம் போட்டிருப்பாங்க போல. சரி, பிரச்சினை முடிஞ்சுதில்ல?"

போன் கையிலிருந்து விழுந்தது. வீடு அமைதியாக இருந்தது. குழாய்கள்கூடத் தட்டவில்லை. அறைக்குள்ளிருந்து ஒரு சத்தம் மட்டும் வந்தது. மரம் தரையில் உரசும் சத்தம். சீராக. பொறுமையாக. போய், வந்து. போய், வந்து.

அவள் நடந்தாள். தரை ஈரம். ஈரத்தில் முடி. காலில் சுற்றியது. உதறவில்லை. நடந்தாள்.

அறையில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. யாரும் இல்லை. தொட்டில் ஆடிக்கொண்டிருந்தது. துணிகள் ஒரு பக்கம் ஒழுங்காக மடித்து வைக்கப்பட்டிருந்தன.

சன்ஜர் விழித்திருந்தான். அழவில்லை. அவன் கண் அம்மாவைப் பார்க்கவில்லை, அவளுக்கும் தொட்டிலுக்கும் நடுவே எதையோ அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தது. அவன் வாய் திறந்து, குவிந்து, வெறுங்காற்றைக் கவ்விக்கொண்டிருந்தது. கன்னம் உள்ளே போய் வந்தது. தொண்டை ஏறி இறங்கியது. மடக். மடக். பசியோடு. ஆசையோடு. கடைவாயிலிருந்து பால் வழிந்தது. வெள்ளையாக இல்லை அந்தப் பால்.

கம்ஷாத் இரண்டு கையாலும் பிள்ளையை அள்ளித் தூக்கினாள். உடம்பு வந்தது. வாய் வரவில்லை. அவள் இழுத்தாள். அவன் உதடு நீண்டது. அழுதுகொண்டே இன்னும் பலமாக இழுத்தாள்.

அந்தப் பக்கமிருந்து, மெதுவாக, யாரோ திரும்ப இழுத்தார்கள்.